ஓநாய் கேட்ட கேள்வி: ஒரு நவீனச் சிறுகதைக்குள் தேவதைக் கதைகளைக் கண்டுபிடித்துப் படிப்பது எப்படி?

ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் "எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்?" என்று வரும். ஆங்கில இலக்கியம் படிக்கும் பலருக்கு இந்தக் கதை ஒரு கேள்வியோடுதான் அறிமுகமாகிறது: "இக்கதையில் உள்ள தேவதைக் கதைக் கூறுகளை விளக்குக." பெரும்பாலானோர் எழுதும் விடையும் ஒன்றுதான். கானி என்ற பெண்தான் சிவப்புக் குல்லாச் சிறுமி (லிட்டில் ரெட் ரைடிங் ஹுட்), ஆர்னால்ட் ஃபிரெண்ட் என்பவன்தான் ஓநாய். விடை சரிதான். ஆனால் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எந்த இடத்தில் பழைய கதையோடு ஒட்டுகிறது, எந்த இடத்தில் விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று பார்க்கப் பழகினால், பதினைந்து வயதுப் பெண்ணின் வெகுளித்தனம் என்று நாம் லேசாகச் சொல்லிவிடும் விஷயம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

நான் இந்தக் கதையைப் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செய்த வேலைகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். இதே முறையை வேறு எந்த நவீனக் கதைக்கும் நீங்கள் பயன்படுத்தலாம்.

படி 1: முதல் வாசிப்பில் எதையும் தேடாதீர்கள்

கையில் பென்சில் வேண்டாம். ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். இந்தக் கதை பயத்தால் இயங்குவது. ஓநாயைத் தேடிக்கொண்டே படித்தால் அந்தப் பயம் கையைவிட்டுப் போய்விடும்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கானிக்குப் பதினைந்து வயது. அழகி, அது அவளுக்கும் தெரியும். கண்ணாடி கண்ட இடத்தில் எல்லாம் நின்று பார்ப்பாள். அம்மா ஓயாமல் திட்டுகிறாள். அக்கா ஜூனுக்கு 24 வயது, பார்க்கச் சாதாரணமானவள், கானி படிக்கும் பள்ளியிலேயே செயலாளர் வேலை. அப்பா வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடும்போது பேப்பர் படிப்பார், தூங்கிவிடுவார். கோடை இரவுகளில் கானியும் தோழியும் கடைவளாகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நெடுஞ்சாலையைத் தாண்டிப் பெரிய பையன்கள் கூடும் உணவகத்துக்கு ஓடுவார்கள். அப்படி ஒரு இரவில், தங்க நிறம் பூசிய பழைய காரில் இருந்து ஒருவன் அவளைப் பார்த்து விரலை ஆட்டிச் சிரிக்கிறான். உன்னைப் பிடிக்கப் போகிறேன் என்கிறான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் அத்தை வீட்டு விருந்துக்குப் போய்விட, தலைக்குக் குளித்து வெயிலில் முடி உலர்த்திக்கொண்டு கானி தனியாக இருக்கிறாள். ஆர்னால்ட் ஃபிரெண்டின் அந்தக் கார் வாசலில் வந்து நிற்கிறது. மிச்சக் கதை முழுக்க ஒரு வலைக்கதவின் இரு பக்கமும் நின்று நடக்கும் பேச்சுதான். கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வருகிறாள். அதற்குப் பின் என்ன ஆனது என்று ஓட்ஸ் சொல்வதில்லை.

படி 2: பாட்டி கதையாகச் சொல்லிப் பாருங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் ஐந்தாறு வரியில் கதையை எழுதுங்கள். "ஒரு ஊரில் ஒரு அழகான பெண் இருந்தாள். அவள் அம்மாவும் ஒரு காலத்தில் அழகிதான், அதனால் பெண்ணைக் கண்டால் ஆகாது. ஒருநாள் எல்லோரும் விருந்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் வீட்டில். பொன் நிற வண்டியில் ஒருவன் வந்தான். கதவைத் திற என்றான்."

இப்படி எழுதியதும் ஒரே கதைக்குள் எத்தனை கதைகள் கிடக்கின்றன என்று தெரிந்துவிடும். பொறாமைப்படும் தாய் ஸ்நோ ஒயிட் கதையில் இருந்து வருகிறாள். விருந்துக்குப் போகாமல் வீட்டில் தங்கியவள் சிண்ட்ரெல்லா. கதவுக்கு வெளியே நிற்பவன் மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் வருபவன். ஒரே ஒரு தேவதைக் கதையோடு மட்டும் ஒப்பிட்டு முடித்துவிடக்கூடாது என்பதற்கு இந்தச் சின்னப் பயிற்சியே போதும்.

படி 3: கதை எங்கே பிறந்தது என்று பாருங்கள்

கதை 1966-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த 'எபக்' இதழில் வெளியானது. 1970-இல் ஓட்ஸின் 'த வீல் ஆஃப் லவ்' தொகுப்பில் சேர்ந்தது. பாடகர் பாப் டிலனுக்குக் காணிக்கை ஆக்கப்பட்டிருக்கிறது. இதெல்லாம் வெறும் தகவல். நமக்கு வேண்டியது இதற்கு அடுத்தது.

அதே 1966 மார்ச்சில் 'லைஃப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் பதின்வயதுப் பெண்களைக் கொன்ற சார்ல்ஸ் ஷ்மிட் என்பவனைப் பற்றியது. இருபதைத் தாண்டியவன், ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்திலேயே திரிந்தான். முடிக்குச் சாயம், முகத்துக்கு ஒப்பனை, உயரமாகத் தெரிய பூட்ஸுக்குள் துணியும் நசுக்கிய டப்பாவும். பத்திரிகை அவனுக்கு வைத்த பெயர் 'டூசானின் குழலூதி'. ஹாமெலின் ஊர்க் குழந்தைகளைக் குழல் ஊதி அழைத்துப் போனவனின் பெயர். இதைக் கவனியுங்கள். ஓட்ஸ் பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே அந்தச் செய்தி ஒரு தேவதைக் கதையின் பெயரோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒப்பீடு வாசகர் வலிந்து ஏற்றியது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு விஷயமே பதில்.

இன்னொன்று. ஓட்ஸ் இந்தக் கதைக்கு முதலில் வைத்திருந்த தலைப்பு 'மரணமும் கன்னியும்'. ஐரோப்பிய ஓவியத்தில் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கும் கருப்பொருள் அது. இளம்பெண்ணின் தோளுக்குப் பின்னால் எலும்புக்கூடு நிற்கும். அதே தலைப்பில் மத்தியாஸ் கிளாடியஸ் என்ற ஜெர்மன் கவிஞரின் சிறு கவிதை ஒன்று உண்டு. 1817-இல் இசையமைப்பாளர் ஷூபர்ட் அதற்கு இசை அமைத்தார். அதில் மரணம் அந்தப் பெண்ணிடம் கையைக் கொடு என்று கேட்டுவிட்டு, நான் நண்பன், தண்டிக்க வரவில்லை என்கிறது. இப்போது கதையில் வருபவனின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆர்னால்ட் ஃபிரெண்ட். ஓட்ஸ் அந்தக் கவிதையை மனத்தில் வைத்துத்தான் பெயரிட்டார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழைய தலைப்பு தெரிந்த பிறகு, 'நண்பன்' என்ற பெயரை வெறும் பெயராக என்னால் படிக்க முடிந்ததில்லை.

படி 4: "எந்த" ஓநாய்க் கதை என்று கேளுங்கள்

பெரும்பாலான கட்டுரைகள் கோட்டை விடும் இடம் இது. சிவப்புக் குல்லாச் சிறுமியின் கதை ஒன்று அல்ல. குறைந்தது மூன்று வடிவங்களையாவது அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அச்சுக்கு வந்தது ஷார்ல் பெரோவின் பிரெஞ்சு வடிவம், 1697. அதில் வேட்டைக்காரர் கிடையாது. பாட்டியைத் தின்ற ஓநாய் சிறுமியையும் தின்கிறது, கதை முடிந்தது. கடைசியில் பெரோ ஒரு நீதிப் பாட்டு சேர்த்திருக்கிறார். ஓநாய்களில் பல வகை உண்டு; சத்தம் போடாமல், இனிக்க இனிக்கப் பேசி, இளம்பெண்களின் பின்னாலேயே வீட்டுக்குள் வரும் சாதுவான ஓநாய்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்கிறார். அதைப் படித்துவிட்டு ஆர்னால்டின் பேச்சைப் படியுங்கள். அவன் குரலை உயர்த்துவதே அபூர்வம். ஒரு பாட்டின் வரிகளை ஒப்பிப்பதுபோல் பேசுகிறான்.

இரண்டாவது, 1812-இல் வந்த கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் வடிவம். நமக்குப் பழக்கமானது இதுதான். வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்கிறார். இந்த வடிவத்துக்கு ஒரு வாலும் உண்டு, பலர் படித்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் இன்னொரு ஓநாய் வருகிறது. இந்த முறை சிறுமி ஏமாறவில்லை. பாட்டியும் அவளுமாகச் சேர்ந்து அதைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் கொல்கிறார்கள். அதாவது கிரிம் கதை அவளுக்கு இரண்டாவது வாய்ப்புத் தருகிறது. கானிக்கு அது இல்லை.

மூன்றாவது, பிரான்சின் கிராமங்களில் வாய்வழியாக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி எடுக்கப்பட்ட பாட்டிக் கதை. அதில் குல்லாவும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. மாட்டிக்கொண்டது தெரிந்ததும் சிறுமி, அவசரமாக ஒதுங்கப் போக வேண்டும் என்கிறாள். ஓநாய் மனிதன் அவள் காலில் கயிறு கட்டி வெளியே விடுகிறான். அவள் அந்தக் கயிற்றை முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். தன் புத்தியாலேயே தப்பியவள்.

ஆக, ஓட்ஸின் கதை பெரோவின் வடிவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மீட்க யாரும் வருவதில்லை. ஒரு சுவையான விஷயம்: இந்தக் கதையை ஜாய்ஸ் சோப்ரா 1985-இல் 'ஸ்மூத் டாக்' என்ற படமாக எடுத்தார், லாரா டெர்ன் கானியாக நடித்தார். படத்தில் கானி அவனோடு காரில் போய்விட்டு உயிரோடு வீடு திரும்புகிறாள். வேட்டைக்காரர் யாரும் வருவதில்லை, அவளாகவேதான் வருகிறாள். கதையும் படமும் முடியும் விதத்தை ஒப்பிடச் சொன்னால், இந்தப் பழைய வடிவங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கொண்டே தொடங்கலாம்.

படி 5: வேஷத்தைக் கவனியுங்கள்

இனி பென்சிலை எடுங்கள். ஆர்னால்டின் உடம்பைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுங்கள். கருத்த பரட்டை முடி, அது தலையில் வைத்த விக் மாதிரி இருக்கிறது. எதிரே இருப்பவரையே பிரதிபலிக்கும் கறுப்புக் கண்ணாடி. பெரிய வெள்ளைப் பற்கள். பருந்து மூக்கு, அவளைத் தின்பண்டமாக எண்ணி மோப்பம் பிடிப்பதுபோல். ஒரு பூட்ஸ் கோணலாகத் திரும்பி இருக்கிறது, உள்ளே பாதம் இல்லாததுபோல். தனக்குப் பதினெட்டு வயது என்கிறான். கானி உற்றுப் பார்க்கப் பார்க்க, முப்பது இருக்கும், அதற்கு மேலும் இருக்கும் என்று தெரிகிறது.

பாட்டி வேஷத்தில் படுத்திருக்கும் ஓநாயிடம் கண், காது, பல் என்று சிறுமி ஒவ்வொன்றாகக் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற உரையாடல் இங்கே மெதுவான கண்டுபிடிப்பாக நீட்டப்பட்டிருக்கிறது. கானி முட்டாள் இல்லை என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள். ஆனால் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது நேரம் கடந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஆர்னால்டுக்கு மிக நெருக்கமான சொந்தக்காரன் சிவப்புக் குல்லாக் கதையின் ஓநாய் இல்லை என்பது என் எண்ணம். கிரிம் தொகுப்பின் ஐந்தாவது கதை, 'ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும்'. தாய் ஆடு வெளியே போகிறது. ஓநாய் கதவைத் தட்டி, உங்கள் அம்மா வந்திருக்கிறேன் என்கிறது. கரகரப்பான குரலால் மாட்டிக்கொள்கிறது. சுண்ணக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கிக்கொண்டு மறுபடி வருகிறது. கறுப்புப் பாதம் காட்டிக்கொடுக்கிறது. மாவைப் பூசிப் பாதத்தை வெள்ளையாக்கிக்கொண்டு மூன்றாம் முறை வருகிறது. கதவு திறக்கிறது.

இப்போது கதைக்கு வாருங்கள். பெற்றோர் வெளியே போயிருக்கிறார்கள். வந்தவனின் குரல், அவள் காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த வானொலி அறிவிப்பாளரின் குரல் மாதிரியே இருக்கிறது. முகத்தின் நிறம் கழுத்தோடு நின்றுபோகிறது, ஒப்பனை பூசியவன் கழுத்தை மறந்துவிட்டதுபோல் என்று கானி நினைக்கிறாள். மாவு பூசிய பாதத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? தேர்வு விடையில் இந்த ஆட்டுக்குட்டிக் கதையைச் சேர்த்தால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

படி 6: கதவு, சுவர், வீடு

மூன்று பன்றிக்குட்டிகளின் ஓநாய் வைக்கோல் வீட்டை ஊதித் தள்ளும், குச்சி வீட்டை ஊதித் தள்ளும், செங்கல் வீட்டின் முன் தோற்றுப்போகும். ஆர்னால்ட் கானியிடம் சொல்வதைப் பாருங்கள்: நீ நிற்கும் உன் அப்பாவின் வீடு வெறும் அட்டைப்பெட்டி, நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் இடித்துவிடுவேன். வலைக்கதவோ கண்ணாடியோ மரமோ இரும்போ, உடைக்க நினைத்தவன் எதையும் உடைப்பான் என்றும் சொல்கிறான். வைக்கோல், குச்சி, செங்கல் என்ற அந்தப் பழைய வரிசையை இந்தப் பட்டியலில் கேட்க முடிகிறது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே செங்கல் வீடே கிடையாது.

ஆனால் அவன் எதையும் உடைப்பதில்லை. நீ போனைத் தொட்டால் மட்டும் உள்ளே வருவேன் என்கிறான். அவளையே வெளியே வரவைக்க வேண்டும் அவனுக்கு. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாத பேய் பிசாசுகளின் விதி இது. கானி போனை எடுக்கிறாள். டயல் செய்ய முடியவில்லை. அதற்குள் கத்துகிறாள், அம்மாவை நினைத்து அழுகிறாள். அதற்கு முன்பே தன் சமையலறையையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, வந்தறியாத இடம் மாதிரி இருக்கிறது. சுவர் அப்படியே நிற்க, வீடு மட்டும் இடிந்துவிட்டது. இந்தப் பக்கத்தை இரண்டு முறையாவது படியுங்கள். எனக்கு இது உலகச் சிறுகதைகளிலேயே மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று.

படி 7: கண்ணாடி, அக்கா, பூசணிக்காய்

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்ணாடியும் அழகும் அம்மாவின் பொறாமையும் ஸ்நோ ஒயிட் கதையை நினைவூட்டுகின்றன. மாற்றாந்தாய்தானே அதில் என்று கேட்பீர்கள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் அவள் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். கானியின் அம்மா அந்த முதல் பதிப்புக்கு நெருக்கமானவள். கண்ணாடி முன் நிற்காதே என்று திட்டும் அவளிடம், அவளும் அழகாக இருந்த பழைய புகைப்படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன.

சிண்ட்ரெல்லா கதை தலைகீழாக வருகிறது. அம்மாவின் பாராட்டு எல்லாம் அக்காவுக்கு, ஆனால் அழகு தங்கைக்கு. விருந்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பது தண்டனை இல்லை, அவளே கேட்டு வாங்கியது. பொன் வண்டி வருகிறது; அதன் மேல் சிரிக்கும் ஒரு வட்ட முகம் வரைந்திருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்ட பூசணிக்காய் மாதிரி. பெரோவின் கதையில் பூசணிக்காய் வண்டியாகும். இங்கே வண்டி பார்க்கப் பார்க்கப் பூசணிக்காயாகிறது. வந்தவன் இளவரசன் இல்லை என்று அவளுக்குத் தெரியும் வேகமும் அதுதான்.

படி 8: பாட்டைக் கேளுங்கள்

கதையில் வானொலி ஓயவே ஓயாது. பையன்கள் கூடும் அந்த உணவகத்தை ஏதோ புனிதமான கட்டடம் போலவும், அங்கே ஒலிக்கும் பாட்டைத் தேவாலயத்து இசை போலவும் ஓட்ஸ் எழுதுகிறார். காதல் என்றால் என்ன என்று கானிக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாட்டுகள்தான். படங்களில் வருவது போல், பாட்டுகளில் உறுதி சொல்வது போல் எல்லாம் இனிமையாக இருக்கும் என்று நம்புகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வரும்போது வீட்டு வானொலியும், ஆர்னால்டோடு காரில் வந்திருக்கும் நண்பன் எல்லியின் கையில் உள்ள டிரான்சிஸ்டரும் ஒரே நிகழ்ச்சியை ஒலிக்கின்றன. உள்ளேயும் வெளியேயும் ஒரே பாட்டு. குழலூதி வாசலுக்கு வருவதற்கு முன்பே குழல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஹாமெலின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1284, காணாமல் போன குழந்தைகள் 130 பேர். அந்தக் கதையில் குழந்தைகளை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஊரின் எலிகளை ஒழித்தால் கூலி தருவதாகக் குழலூதியிடம் சொல்லிவிட்டு வாக்குத் தவறிய பெரியவர்கள்தான் குற்றவாளிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 9: இல்லாததைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பழைய கதையில் இருப்பதை எழுதுங்கள். வலப்பக்கம் ஓட்ஸின் கதையில் அதற்கு நேரே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்றால் வெற்றிடமாக விடுங்கள்.

வேட்டைக்காரர்: வெற்றிடம். செங்கல் வீடு: வெற்றிடம். பாட்டி: வெற்றிடம். வெளியே போன தாய் ஆடு திரும்பி வந்து குட்டிகளை மீட்பது: வெற்றிடம்.

தாயின் எச்சரிக்கை? இங்கேதான் நான் நீண்ட நாள் தவறாக நினைத்திருந்தேன். பழைய கதையில் அம்மா ஓநாயைப் பற்றி எச்சரித்தாள், மகள் கேட்கவில்லை, அதனால் கெட்டாள் என்றுதான் என் நினைவில் இருந்தது. திரும்ப எடுத்துப் படித்தேன். பெரோவின் கதையில் அம்மா எச்சரிப்பதே இல்லை. ஓநாயோடு நின்று பேசுவது ஆபத்து என்று அந்தப் பாவப்பட்ட பிள்ளைக்குத் தெரியாது என்கிறார் பெரோ. கிரிம் கதையில் அம்மா எச்சரிக்கிறாள், ஆனால் எதைப் பற்றி? பாதையை விட்டு விலகி ஓடாதே, விழுந்தால் பாட்டிக்குக் கொண்டுபோகும் பாட்டில் உடைந்துவிடும் என்று. ஓநாய் என்ற சொல்லே அவள் வாயில் வருவதில்லை. அது எவ்வளவு கெட்ட மிருகம் என்று சிறுமிக்குத் தெரியாது, அதனால் பயப்படவும் இல்லை.

கானியின் அம்மா எதைப் பற்றித் திட்டுகிறாள்? தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே நாறுகிறது. அறை குப்பையாகக் கிடக்கிறது. அக்காவைப் பார். ஓயாத பேச்சு, அத்தனையும் பாட்டிலைப் பற்றியது. ஓநாயைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இப்போது தலைப்புக்கு வாருங்கள். காட்டுவழியில் ஓநாய் சிறுமியைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி என்ன? எங்கே போகிறாய் என்பதுதான். பெண் வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எங்கே போயிருந்தாய்? கதையில் தோழியின் அப்பா இரண்டு பெண்களையும் காரில் கொண்டுபோய் விடுகிறார், பதினோரு மணிக்கு வந்து கூட்டிப்போகிறார். என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை என்று ஓட்ஸ் ஒரு வரி எழுதியிருக்கிறார். கானியின் அப்பா பேசுவதே இல்லை. வீட்டில் யாரும் கேட்காத கேள்வியோடு ஓநாய் வாசலில் நிற்கிறது. அதற்குப் பதிலும் அதற்கே தெரியும். அவள் பெயர், வீட்டில் எல்லோரும் எங்கே போயிருக்கிறார்கள், தோழிகள் யார் யார் என்று எல்லாவற்றையும் ஆர்னால்ட் ஒப்பிக்கிறான். பழைய கதையில் பாட்டி வீட்டுக்கு வழியைச் சிறுமியே ஓநாயிடம் சொன்னாள். கானி எதையும் சொல்லவில்லை. அவளைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான்.

படி 10: இழுத்துப் பிடிக்காதீர்கள்

ஒப்பீடு ஒரு போதை. கொஞ்சம் பழகியதும் எல்லாமே சின்னமாகத் தெரியும். ஒரு உதாரணம்: கானி போகும் உணவகம் பாட்டில் வடிவத்தில் கட்டப்பட்டது. கிரிம் கதையில் உடையக்கூடாத பாட்டில். ஆஹா என்று ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அதை எடுத்துவிட்டாலும் கதையின் பொருள் மாறாது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அப்படிக் கட்டடங்கள் நிஜமாகவே இருந்தன. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இந்த ஒப்புமை கதையில் நடப்பதை விளக்குகிறதா, அல்லது என் சாமர்த்தியத்தைக் காட்டுகிறதா?

இந்தச் சோதனையில் தேறும் ஒன்றையும் சொல்கிறேன். ஆர்னால்டின் காரில் 33, 19, 17 என்று மூன்று எண்கள். பழைய ஏற்பாட்டின் நூல்களைக் கடைசியில் இருந்து எண்ணினால் 33-ஆவது நியாயாதிபதிகள். அதன் 19-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தில் ஒரு கிழவர் வழிப்போக்கனிடம், எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார். தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அதிகாரத்தில் அடுத்து நடப்பது என்ன என்று பாருங்கள். வீட்டைச் சூழ்ந்துகொண்டு கதவைத் தட்டும் ஒரு கூட்டம், உள்ளே இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள வெளியே தள்ளிவிடும் ஒரு பெண். கதை நடப்பதும் ஒரு கதவில்தான். ஆர்னால்ட் ஃபிரெண்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு 'ஆர்'களை நீக்கினால் கிழட்டுப் பிசாசு என்று பொருள் வரும் என்பதையும் பலர் சுட்டியிருக்கிறார்கள். அது ரசிக்கத்தக்கது, ஒரு வரி போதும்.

படி 11: வெகுளித்தனம் என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

நம் மொழியில் ஏழு பருவங்களில் பதினைந்து வயதுக்கு மடந்தை என்று பெயர். மடம் என்பதற்குப் பள்ளியில் சொல்லித்தந்த பொருள் உங்களுக்கு நினைவிருக்கும்: அறிந்தும் அறியாததுபோல் இருத்தல். கானி அதற்கு நேர் எதிர். அறியாததை எல்லாம் அறிந்ததுபோல் காட்டிக்கொள்பவள். வீட்டில் ஒரு நடை, வெளியே ஒரு நடை. வீட்டில் ஒரு சிரிப்பு, வெளியே வேறு சிரிப்பு. போட்டிருக்கும் மேல்சட்டைகூட வீட்டில் ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் தெரியும். அவளுடைய சிவப்புக் குல்லா அதுதான். பதினைந்து வயதில் இந்த நடிப்பைச் செய்யாதவர் யார்? அதை நிஜம் என்று எடுத்துக்கொள்ளும் உரிமை ஒரு வளர்ந்த ஆணுக்கு எங்கிருந்து வந்தது?

அவளுடைய கர்வம்தான் அவளை அழித்தது என்று எழுதும் விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கதை அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் ஆர்னால்ட் அவள் குடும்பத்தைக் காட்டித்தான் மிரட்டுகிறான். உன் வீட்டாருக்கு ஏதாவது ஆவதை விரும்ப மாட்டாய் அல்லவா என்ற பொருளில். அதன் பிறகுதான் அவள் எழுந்து நடக்கிறாள். பயத்தில் தன்னை இழந்து நடக்கிறாள் என்று படிக்கலாம். அவர்களைக் காப்பாற்ற நடக்கிறாள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அப்படியானால் கதை தொடங்கும்போது இருந்த வெகுளிப் பெண், கதவைத் தொடும் நேரத்தில் அந்த வீட்டிலேயே பெரியவளாக ஆகிவிட்டாள்.

படி 12: எழுத உட்காருங்கள்

தொடக்க வரியில் யார் யாருக்குச் சமம் என்று எழுத வேண்டாம். ஒரு விலகலைச் சொல்லுங்கள். "பழைய கதைகளில் ஓநாயிடம் வழி சொல்பவள் சிறுமி, ஓட்ஸின் கதையில் ஓநாய்க்கு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது" என்பது போல. அதன் பிறகு இரண்டே இரண்டு தேவதைக் கதைகளை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போங்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் நிற்க முடியாது. எந்த வடிவம், எந்த ஆண்டு என்று குறிப்பிடுங்கள். மேற்கோள்களை உடம்பு, கதவு, குரல் இந்த மூன்றில் இருந்து எடுத்தால் வீண்போகாது.

முடிவுப் பத்திக்கு ஒரு இடத்தைச் சொல்கிறேன். கானி கதவைத் தள்ளும்போது ஆர்னால்ட் அவளைக் கொஞ்சும் சொல்லில் நீலக்கண் பெண்ணே என்கிறான். அவள் கண்ணின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவளுடையவை பழுப்பு நிறக் கண்கள். பழைய கதையில் சிறுமி ஓநாயின் கண்ணைப் பார்த்து, ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்பாள். இங்கே அவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லி வந்தவன், அவள் கண்ணை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.